நான்காவது

ஏப்ரல் முதல் தேதி சட்டம் வந்தது.
முட்டாள்கள் தினம் பார்த்து வந்திருக்கிறது என்று
ட்யார்க் சிரித்தான்.
அன்று மத்தியானமே தள்ளுவண்டியில் கோப்புகள் வந்தன.
ஔரிச் நகரம், அரசு வழக்கறிஞர் அலுவலகம், இரண்டாம் மாடி.
தண்டனை பாக்கியுள்ள கஞ்சா வழக்குகள் அத்தனையையும்
கையால் புரட்டிப் பார்க்க உத்தரவு.
கணினிக்குக் குற்றத்தின் பெயர் தெரியும்,
கிராம் தெரியாதாம்.

எனவே நாங்கள் கிராம் தேடினோம்.
பதினொன்று புள்ளி நான்கு, பேருந்து நிறுத்தம்.
ஆறு, காலுறைக்குள்.
இருபத்திரண்டு, எம்டன் ரயில் நிலையக் கழிவறை.
ஒரு பக்கத்தில் எடைச்சீட்டோடு
இலைத்துணுக்கு ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.
ட்யார்க் முகர்ந்துவிட்டு
"வைக்கோல்" என்றான்.
அதற்கு ஒருவர் வேலையை இழந்திருந்தார்.

வீட்டில் நானும் விதைத்தேன்.
முதுகுவலிக்கு என்று சொல்லலாம், எல்லோரும் நம்புவார்கள்.
வலி இல்லை. ஆசை.
ஐம்பத்தொரு வயதில்,
தப்பில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த பிறகு
தொடங்கிய ஆசை.
ஒன்றாவது முளைக்காமல் போகும் என்று
நான்கு விதை போட்டேன்.
கணக்குத் தெரியாத மண்,
நான்கையும் தள்ளிவிட்டது மேலே.

ஆளுக்கு மூன்று செடி என்கிறது சட்டம்.
வீட்டில் ஆள் ஒருத்திதான்.
கீழ்வீட்டுக் குழந்தை படியேறி வரும் என்பதால்
கதவுக்குப் புதுப் பூட்டு,
சன்னலுக்குப் பால்நிறத் திரை.
இதெல்லாம் சரியாகச் செய்தேன்.
எண்ணிக்கைதான் உதைத்தது.

எங்கள் பக்கம் தேநீருக்கும் சட்டம் உண்டு.
மூன்று கோப்பை விருந்தாளியின் உரிமை.
அடியில் கற்கண்டு, சூடு பட்டு விரிசலிடும்.
ஓரமாய் இறங்கும் பாலாடை, மேகம் மாதிரி.
கலக்கக் கூடாது.
கரண்டி கலக்குவதற்கு இல்லை,
போதும் என்று சொல்வதற்கு.
கோப்பைக்குள் அதை நிறுத்தும்வரை
ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஜூன் மாதம், மழைநாள், எய்லெர்ட் ஸாட்ஹாஃப்.
லேர் பக்கம் தக்காளிப் பண்ணையில் கூலி.
அபராதம் மாதம் நாற்பது யூரோவாகக் கட்டி வருகிறார்,
இன்னும் இருபத்தாறு தவணை.
கைப்பற்றப்பட்ட செடிகள்: நான்கு.
காவலர் ஒருவர் அளவுகோலோடு போயிருக்கிறார்.
உயரம் முறையே
தொண்ணூற்றொன்று, எண்பத்தாறு, எண்பது,
பதினான்கு சென்டிமீட்டர்.

பதினான்கு.
என் கைவிரல்கள் விரிந்தால் அதைவிட நீளம்.

வழக்கறிஞர் உல்ஃபெர்ட்ஸிடம் கொண்டுபோனேன்.
கெட்டவர் அல்ல அவர்.
கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.
"மூன்று என்றால் மூன்றுதானே, ஓக்கா"
என்றார்.
நாடாவைக் கட்டித் திருப்பித் தந்தார்.

அன்றிரவு அலுவலக அளவுகோல் என் பையில் இருந்தது.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
நான்காவது, பதினொன்று.
சன்னல் பக்கம் கொஞ்சம் சாய்ந்து,
கீழிலை ஒன்று மஞ்சள்.
தேநீர்க் கரண்டியால் அதன் கழுத்தைச் சுற்றிக் கிளறினேன்.
ஒரு வேர் தெரிந்தது, வெள்ளை,
தையல்நூல் அளவு.
வெளியே காற்று கடலணையைத் தாண்டி வந்து
பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
வெகுநேரம் முழந்தாளிட்டே இருந்தேன்.
பிறகு கால் மரத்துப்போனது, எழுந்தேன்.

மறுநாள் பதினொரு மணி.
மேசைமேல் ஒரு கோப்பு, ஒரு கோப்பை.
ட்யார்க் கெட்டிலோடு நின்று
"உன்னிடம் எத்தனை?" என்றான்.
"மூன்று" என்றேன்.
தேநீரைக் கேட்டானா, வேறெதையுமா, தெரியவில்லை.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நகத்தில் மண் இருந்தது, அதையும் பார்க்கவில்லை.
கரண்டி எங்கே என்றுதான் பார்த்தான்.
தட்டில் கிடந்தது.
ஊற்றினான்.

கோப்பை இன்னும் மூடவில்லை நான்.