அறுபத்துமூன்று மைக்ரான்

நதிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
அதைக் கேட்பதற்குத்தான் எனக்கு
மாதம் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.

மழை விட்டு இரண்டு மணி நேரம்.
மஸ்ஜித் ஜாமேக் அருகே
கோம்பாக்கும் கிள்ளானும் முட்டிக்கொள்ளும் முனையில்
கயிறு கட்டிய போத்தலை இறக்குகிறேன்.
பாலத்தில் படமெடுக்கும் ஒருவர்
மீனா என்று கையை நெளித்துக் கேட்கிறார்.
சேற்றுக்கு என்ன சைகை?
இந்த ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது,
தெரியாமல் நின்றுகொண்டு
அழகாக இருக்கிறது என்று கட்டைவிரல் காட்டுகிறார்.

சல்லடையில் தங்குவது மணல். அதை விட்டுவிடுவோம்.
அறுபத்துமூன்று மைக்ரானுக்குக் கீழே
முகப்பவுடர் போல நழுவுகிறதே, அதுதான் ஆள்.
மீனின் செவுளை அடைப்பது,
சனிக்கிழமை காலை நம் குழாயில்
வெறும் காற்றை இரும வைப்பது.

நான் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பு
எங்கோ ஒரு பவளத்தீவில் குண்டு வெடித்துப் பார்த்தார்கள்.
அந்தத் தூசி உலகமெல்லாம் மழையோடு இறங்கி
மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது.
செம்பனை அடியில், பள்ளித் திடலில், கல்லறைப் புல்லில்.
ஈயப்பெட்டிக்குள் வைத்து ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்தால்
இன்னமும் முணுமுணுக்கும்.

இந்தப் போத்தல் முணுமுணுக்கவில்லை.
ஒருமுறைகூட வானத்தைப் பார்த்திராத மண்.
மேட்டின் வயிற்றைக் கீறி எடுத்திருக்கிறார்கள்.
அல்லது ஆற்றின் கரை சரிந்திருக்கிறது;
கரையின் ஆழமும் இதே மௌனம்தான்.

வெட்டுமேட்டிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டு வா,
ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார் முனைவர் ஃபௌசியா.
மூன்று முறை கேட்டிலேயே திருப்பினார்கள்.
ஹெல்மெட் இல்லை.
கடிதம் இல்லை.
மூன்றாம் முறை, மேனேஜர் இல்லை.

செந்தூல் ஃபிளாட், பதினோராம் மாடி, இரவு பத்தரை.
வாசலில் ஒருக்களித்துக் கிடந்தது
என் தம்பி குணாளனின் பூட்ஸ்.
நாலு மாதமாக அந்த மேட்டில்தான் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறான்.
வீட்டு லோன் அவன் சம்பளத்தில்,
அரிசி பருப்பு என் சம்பளத்தில்.
உள்ளே அவன் பந்து விளையாட்டு பார்க்க,
வெண்ணெய்க் கத்தியால்
அடிப்பள்ளங்களைச் சுரண்டினேன்.
பப்பாளிப்பழ நிறம்.

நிறம் பொருந்தியது. காந்தம் பொருந்தியது.
ஆற்றுச் சேற்றில் ஐம்பத்தெட்டு விழுக்காடு,
ஒன்பது கூடலாம், ஒன்பது குறையலாம்.

எங்கே எடுத்தாய்?
வாசலில் என்றேன்.
ஃபௌசியா சிரிக்கவில்லை.
விலாசமில்லாத மண் சாட்சி சொல்லாது என்று
அந்த வரிசையை அட்டவணையிலிருந்து அழித்தார்.
அறிக்கையில் இப்போது இப்படி இருக்கிறது:
வெட்டுமேடும் கரைச்சரிவும்
பிரித்தறிய இயலவில்லை.

ஞாயிறு மத்தியானம், ரசம் ஊற்றும்போது சொல்லிவிட்டேன்.
பூட்ஸையா சுரண்டினே, என்றான் முதலில்.
பிறகு, எவ்வளவு?
பாதிக்கு மேலே.
அங்கே ஆறு மிஷின் ஓடுதுக்கா. என் பங்கு எவ்வளவு?
விரல் மடக்கிக் கணக்குப் போட்டேன்.
ஒன்பதரை, கொஞ்சம் கூட.
பிழை ஒன்பதுன்னு சொன்னியே.
ஆமாம்.
அப்ப நான் பிழைதான் என்று
அப்பளத்தை நொறுக்கினான்.

செவ்வாய்க்கிழமை அவன் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.
காலையில் சிங்க் ஓரத்தில் ஒரு பை,
தேத்தண்ணி கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி,
கழுத்தில் ரப்பர் பேண்டு, உள்ளே பப்பாளி நிற மண்.
மேலே மார்க்கர் பேனாவில்
மூன்று புள்ளி இரண்டு என்று தொடங்கி
ஒரு நீள எண்.
அதன் கீழே நூற்றியொன்றில் இன்னொன்று.
எந்தப் பெயரும் இல்லை.

நாலு டிகிரியில் மண் கெடாது.
பை இன்னும் குளிர்பெட்டியில்
தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
லோன் கட்டும் தேதி ஐந்து.
இன்று மூன்று, வெளியே
மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது,
நான் போத்தல்களில் தேதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.