சுண்டுவிரல்

செர்த்தாவுக்கு மேலே, சாலை முடிகிற இடத்தில்
அபீலியுவின் வீடு.
அளவுநாடா, படிவம், ஏணியோடு போனேன்.
பின்சரிவெங்கும் யூகலிப்டஸ், பட்டை உரிந்து தொங்க.
"அதற்குத்தானே மதிப்பெண் போட வந்தீர்கள்?"
காட்டுக்குப் பன்னிரண்டுதான் என்றேன்.
மீதியெல்லாம் வீட்டுக்கு.

கூரையோர நீர்க்காலில் மூன்று வருடத்துப் பைன் ஊசிகள்.
சுவரோடு சாய்த்த விறகு,
சென்ற குளிர்காலத்துச் சோம்பல்.
வாசலில் தென்னைநார் மிதியடி.
கேட்டின் அகலம் இரண்டே கால் மீட்டர்:
தீயணைப்பு வண்டி நுழையாது.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எர்மெலிண்டா நட்ட லாவெண்டரை நோக்கி
நாடாவை இழுத்தபோதுதான் கிட்டே வந்து நின்றார்.
ஜன்னலுக்குக் கீழே. நாற்பது சென்டிமீட்டர்.
எழுதிக்கொண்டேன்.

பரணின் காற்றுத் துளையில்
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
போயிற்று.
பொறிக்கு அதில் கால்வாசி போதும்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:
"ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதே?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வளைவு திரும்பிய பிறகுதான்
வண்டியின் பின்னால் எதுவும் கடகடக்கவில்லை என்று தெரிந்தது.
ஏணி அங்கேயே.
திரும்பிப் போகவில்லை.
நீர்க்கால் உயரத்தில்தான்
சாய்த்து வைத்திருந்தேன்.