வாயில் வைக்கிற சாமான்

ஆயிரம் பீடி என்றால் நாற்பது கட்டு.
நாற்பதையும் தட்டோடு என் பக்கம் தள்ளினார்
கடைக் கணக்கர் சங்கிலிபூதம்.
"வாயில வைக்கிற சாமான் பாத்துக்கோ, முப்பிடாதி.
நாளப்பின்ன ஒருத்தன் வந்து கேட்டாம்னா
நான் என்னத்தச் சொல்லட்டும்?"

சேதி எப்படி முக்கூடல் வந்து சேர்ந்ததோ.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
அந்த வராந்தாவின் கடைசி பெஞ்சில்
நம்மூர் பஸ்ஸில் வந்த யாரோ
என் முதுகைப் பார்த்திருக்க வேண்டும்.

எச்சிலில் அது வராது என்று சொல்ல வாயெடுத்தேன்.
கடையில் பத்துப் பேர்.
பிறகு எதில் வருமாம் என்று அடுத்த கேள்வி நிற்கும்.
அதற்கு அன்றைக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு இருக்கிறது, சொல்கிறேன்.
உறை போடாத படுக்கையில் வரும்.
ஒருத்தருக்குக் குத்திய ஊசியை
அடுத்தவருக்குக் குத்தினால் வரும்.
சோதிக்காத ரத்தத்தில் வரும்.
மருந்து சாப்பிடாத தாயிடமிருந்து பிள்ளைக்கு
வயிற்றில், பிரசவத்தில், பாலில் வரும்.
அதற்கு வழி தெரிந்தது அவ்வளவுதான்.
குடத்துத் தண்ணீர், கொசு,
ஆற்றங்கரைப் படியில் மறந்துவைத்த சோப்பு,
நான் நகத்தால் தலை மடக்கிய பீடி,
இதற்குள் எல்லாம் அதற்கு நடக்கத் தெரியாது.

எனக்கு எதில் வந்தது?
கல்யாணத்தில்.
யாரிடமிருந்து யாருக்கு என்று
நானும் அவரும் சண்டை போட்டது ஒரு வருஷம்.
வயிற்றில் பிள்ளை நின்றதும் சண்டை நின்றது.

ஒரு டப்பாவில் முப்பது மாத்திரை.
இருபத்தைந்து எண்ணியதும் நூல் சுற்றத் தேடும் விரலுக்கு
அந்த மிச்சம் ஐந்து பழக நாளாயிற்று.
பிள்ளைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து.
ஒன்றரை வயதில் கடைசிச் சோதனை.
"இல்லை" என்று எழுதிய தாளை
அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்,
பூச்சி அரிக்காமல்.

போன தடவை என் தாளைப் பார்த்துவிட்டு
கவுன்சிலர் ஜெபராணி சிரித்தாள்.
"கிருமியத் தேடிப் பாத்தோம், அம்புடல.
இப்படியே இருந்தா
படுக்கையில உங்கிட்டருந்து யாருக்கும் போவாது.
ஆனா செத்துப்போச்சுன்னு நெனச்சிராத. தூங்குது.
மாத்திரைய விட்டேன்னு வையி, முழிச்சுக்கும்."
முழிக்க விடுவேனா.

பக்கத்து வளவு ரஹ்மத் பீவி
தன் பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.
"எங் கட்டோட சேத்துக் குடு.
நூல்ல ஒம் பேரா எழுதியிருக்கு?"

எழுதித்தான் இருக்கிறது.
கடைசிச் சுற்றில் நூலை இடப்பக்கம் செருகுவேன்,
இந்தத் தெருவில் வேறு யாருக்கும் அந்தக் கை இல்லை.
வெள்ளிக்கிழமை அவளோடு கடைக்குப் போய்
ஓரமாக நின்றேன்.
சங்கிலிபூதம் ஒரு கட்டைப் பிரித்தார்.
இடப்பக்கச் செருகல்.
ஒன்றை உருவி, காதருகே உருட்டிப் பார்த்து,
பற்றவைத்தார்.
"இழுவை நல்லாருக்கே, ரஹ்மத்து."
சொல்லி முடிக்கும் முன் இருமல்.
மேசையைப் பிடித்துக்கொண்டு,
கண்ணில் நீர் வர,
மூச்சு ஏறாமல் இறங்காமல்.

அந்த இருமலுக்கு நான் சுருட்டியதுதான் காரணம்.
அவர் பயந்ததோ வேறொன்றுக்கு.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
எனக்குக் கூலி வேண்டும்.

கூலியை ரஹ்மத் அன்றே எண்ணிக் கொடுத்துவிடுவாள்.
பி.எஃப். மட்டும் அவள் பேரில் ஏறும்.
அது வேறு கணக்கு,
அதையும் ஒருநாள் கேட்பேன்.

மணி ஒன்பது.
அவர் தன் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.
மடித் தூளை உதறி எழுகிறேன்.
நகக்கண்வரை தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான்
மாத்திரையைத் தொடுவேன்.
வாயில் வைக்கிற சாமான்.