எட்டு முட்டை

பேனாவை எடுக்காமல் எழுதுவது
என்று முடிவு செய்து
எடைச்சீட்டின் பின்பக்கத்தில் ஆரம்பிக்கிறேன்
எண்ணூர் ரோட்டில் லாரிகள் நிற்கின்றன
நிற்கின்றன என்று எழுதியதும் நகர்கின்றன
ஒரு வண்டி நீளம்
மணலிப் பக்கமிருந்து வரும் காற்றில்
அழுகிய முட்டை வாடை
முட்டை என்றதும் நாளைக்கு முட்டை வாங்கணும்
ஆறா எட்டா
தம்பி வந்தால் எட்டு
தம்பி வரமாட்டான்
கொருக்குப்பேட்டை வீட்டில் பாதி கேட்டு
வக்கீல் நோட்டீஸ் விட்டவன்
ஒன்றரை ரூம் வீட்டில் பாதி எங்கே முடியும்
சிமெண்டுத் தொட்டியிலா
அந்த நோட்டீஸின் பின்பக்கமும் காலிதான்
நல்ல வழவழப்பான தாள், வீணாகிவிட்டது
வழவழப்பு என்றால் காசிமேட்டுத் தரை
சின்னதில் அங்கே வழுக்கி விழுந்து
அவன் பல் உடைந்தது
நான்தான் தள்ளினேன் என்று இதுவரை
யாரிடமும்

ஹாரன்

மேடை ஒரு தடவை முனகுகிறது
28,460
முத்திரை குத்து, கிழி, கொடு
எங்கே விட்டேன்
பல்

பாபு பாதிச் சீட்டை உருவிப் படிக்கிறான்
பகல் முறைக்காரன், வீட்டுக்குப் போகாமல்
டீ குடித்துக்கொண்டு நிற்பவன்
"இன்னாய்யா இது, ஒண்ணியும் பிரியல
கவிதைன்ற, முட்டைன்ற
முட்டைன்னா இன்னா, உலகமா
உள்ள எதனா மேட்டரு கீதா"
முட்டைன்னா முட்டைதான் என்றேன்
சொன்ன பிறகு அது முழுப் பொய்யில்லை என்றும்
முழு நிஜமில்லை என்றும் தோன்றியது
அதை எழுதவில்லை
பேனாவைத்தான் எடுத்துவிட்டேனே

இரண்டு மணிக்குக் கொட்டிய மழை
சொல்லாமல் நின்றது
இசக்கிமுத்துவின் வண்டி ஏறியது, உர மூட்டை
பில்லைவிட அறுபது கிலோ கூட
"அது மழைங்க" என்றான்
கம்ப்யூட்டரில் மழைக்குக் கட்டம் இல்லை
சரக்கு, வண்டி, ஆள், அவ்வளவுதான்
அவனே மேலே ஏறினான்
தார்ப்பாயின் பள்ளத்தைக் கீழிருந்து முட்டினான்
வானம் இரண்டாம் முறை கொட்டியது போல
மேடை முழுக்கத் தண்ணீர்

சிவப்பு எண் அசையவில்லை

பாபு சிரித்தான்
தண்ணி வண்டியிலேந்து எறங்கிச்சு
எடையிலேந்து எறங்கல பாரு
மூன்று பேரும் நின்றோம்
தண்ணீர் இரும்புத் தகட்டில் தயங்கி
விளிம்பைத் தேடி
ஆணித் தலைகளைச் சுற்றிக்கொண்டு
மெதுவாக வழிந்தது
பத்துக் கிலோ
இன்னொரு பத்து
பின்னால் ஹாரன் ஹாரனாக அடிக்கிறார்கள்
யாரும் திரும்பவில்லை
கடைசிப் பத்து மட்டும் விழ நேரமானது
ஏறி இறங்கி, ஏறி இறங்கி
ஒரு வழியாக நின்றது
இசக்கிமுத்து சீட்டை வாங்கிப்
பின்பக்கம் ஏதோ கிறுக்கியிருப்பதைப் பார்த்து
இது என் சீட்டுதானா என்றான்
ஆமாம் என்று கொடுத்தேன்
பல் வரை எழுதியது
அதனோடு தூத்துக்குடிக்குப் போயிற்று

விடியற்காலை
துறைமுகத்தின் மேல் வெளிச்சம்
சாம்பலாகவே வந்தது
சைக்கிளை எடுக்கும்போது பாபு
எதையோ மறந்தவன் போலத் திரும்பி வந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்

"எட்டாவே வாங்கிக்கோய்யா"