அரை மாத்திரை

ஏழு பிள்ளைகள், ஒரு பியானோ, அதன் முன் நான்.
பக்கவாத்தியத்துக்கு மதிப்பெண் கிடையாது;
மதியம் இரண்டு சமோசாவும் பெட்ரோல் காசும் உண்டு.

ஆகஸ்ட் சனிக்கிழமை, மாரிட்ஸ்பர்க்.
இரவோடு இரவாகப் பெர்க் காற்று மலை இறங்கி வந்து
குளிர்காலத்தின் நட்டநடுவில்
அடுப்புக் கதவைத் திறந்து போட்டிருந்தது.
மண்டபத்தின் பின்கட்டில் தாய்மார்
மருந்துக் குப்பிகளில் நீர் நிறைத்து
ரீட்களை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு மட்டும் அது சீவாளி:
கோயில் கொடியேற்றத்தில் பார்த்த அதே இரட்டை நாக்கு,
அதே கோபம்.
காய்ந்தால் பேசாது. ஊறினால் உளறும்.

பசூனுக்கு மூச்சு போதாது.
ஓபோவுக்கு மூச்சு மிஞ்சும்.
அந்தத் துளை ஊசிக்காது அளவு;
நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு
மூச்சுமுட்டித் தவிக்கிறவன் ஓபோக்காரன்.
முதலில் பழையதை வெளியே விட வேண்டும்,
அப்புறம் புதியதை உள்ளே இழுக்க வேண்டும்.
போட்டிப் பாடத்தின் முப்பத்தெட்டாம் கட்டத்தில்
இதற்கெல்லாம் சேர்த்து
அரைக்கால் ஓய்வு ஒன்று போட்டிருக்கிறார் எழுதியவர்.
சிக்கனமான மனிதர். பியானோக்காரராக இருந்திருப்பார்.

அங்கே என் இடக்கை சற்றுத் தயங்கும்.
கண் இமைத்தால் ஒரு மாத்திரை,
தலையில் புள்ளி வைத்த எழுத்துக்கு அதில் பாதி.
அந்தப் பாதியைத்தான் கொடுப்பேன்,
ஒருவருக்குக் கூட்டாமல் ஒருவருக்குக் குறைக்காமல்,
மளிகைக்கடைத் தராசுபோல.

புளூம்ஃபொன்டைன் மார்லீஸ் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை.
பல்லில் கம்பி, கண்ணில் தூக்கம்,
ஓபோ அவள் கையில் பால் குடித்த பூனை.
அடுத்த நால்வர் வந்தார்கள், போனார்கள்;
ஒருவன் பக்கம் திருப்பும்போது தும்மினான்.

ஆறாவது, லோஷினி படையாச்சி, வெருலம்.
நானும் படையாச்சி. உறவில்லை;
ஏதோ ஒரு கப்பலின் பதிவேட்டில்
ஒரே குமாஸ்தா ஒரே பேனாவால் எழுதியிருக்கலாம்.
பன்னிரண்டு வயது.
பசூன் அவள் தலைக்கு மேல் புகைபோக்கியாக நின்றது.
முப்பத்தேழில் அவள் கழுத்து நரம்பு தெரிந்தது.
முப்பத்தெட்டில் என் கை
பாதி கொடுக்கவில்லை.
முழுதாகக் கொடுத்தது. அதற்கு மேலும் கொஞ்சம்.

ஏழாவது, சிபோனெலோ, இம்பாலி.
பள்ளிக்கூடத்து ஓபோ; வில் அறுந்த சாவிக்கு ரப்பர் வளையம்.
அவன் வணங்கி நிமிர்வதற்குள்
நான் நேர்மையானவளாகியிருந்தேன்.
எழுதியதை எழுதியபடி வாசித்தேன்.
வெளியே விட நேரமில்லை அவனுக்கு.
பழைய காற்றின்மேல் பழைய காற்றாகப்
பதினோரு கட்டங்கள், முகம் நாவல்பழமாக,
கடைசிச் சுரம்வரை சுமந்துபோய் இறக்கி வைத்தான்.

முதல் பரிசு மார்லீஸ். அதில் யாருக்கும் சண்டை இல்லை.
சிபோனெலோவின் தாளில்: அவசரம், ஆனாலும் துணிச்சல்.
லோஷினியின் தாளில்: முப்பத்தெட்டில் தாளம் தளர்கிறது.
ஒரு மதிப்பெண் வெட்டு.
படிக்கட்டில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள்.
வெட்டியது நான் என்று எப்படிச் சொல்வேன்.

கார் நிறுத்துமிடத்தில் சிபோனெலோ வந்து நின்றான்.
"ஆன்ட்டி, என்னிடம் மட்டும் ஏன் அவசரம்?"
திரைக்குப் பின்னால் நின்று
ஆறு பேருக்கும் நான் விட்டதை
எண்ணியிருக்கிறான், மூச்சு மூச்சாக.
பெர்க் காற்று, என்றேன். விரல் காய்ந்துவிட்டது.
"ம்" என்றான்.
சீவாளியை மட்டும் கழற்றி உதட்டில் வைத்து ஊதினான்:
காகம்போல ஒரு கரைச்சல்.
புல்வெளியில் புழு தேடிய ஹடீடாக்கள் இரண்டு
தலை தூக்கி, அதைவிடக் கரகரப்பாய்
ஏதோ பதில் சொல்லிவிட்டுப் பறந்தன.
அவன் சிரித்தான்.
நான் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
கையிலேயே வைத்துக்கொண்டு.