காக்கை உட்காராத முனை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா,
விழ இருந்ததுதான் விழுந்ததா:
இதைக் கண்டுபிடிக்கத்தான்
வின்னிபெக் காவல்துறையில் எனக்குச் சம்பளம்.
மூன்றாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை.

மூன்று வருட அழைப்புகளை வரைபடத்தில் கொட்டினால்
நகரமெங்கும் பரவுவதில்லை அவை.
சிந்திய பாயசத்தை எறும்பு மொய்ப்பதுபோல்
சில முனைகளிலேயே அப்பிக்கொள்கின்றன.
நாற்பத்தாறு முனைகளைப் பொறுக்கினேன்.
மதுக்கடைக்கு மதுக்கடை, பேருந்து நிறுத்தத்துக்குப் பேருந்து நிறுத்தம்
என்று ஜோடி சேர்த்தேன்.
ஜோடிக்கு ஒன்றைக் குலுக்கலில் எடுத்தேன்.
எடுத்ததில் தினமும் ரோந்து கார், பதினைந்து நிமிடம்.
எடுக்காததில் 'வழக்கம்போல்'.
பாதி மரங்களில் காக்கை உட்காரக் கூடாது,
அவ்வளவுதான் விஞ்ஞானம்.

சார்ஜென்ட் ஓரெஸ்ட் கொவாலிஷினுக்கு இது பிடிக்கவில்லை.
"இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருக்களில் ஓட்டுகிறேன்,
எங்கே நிற்பதென்று கம்ப்யூட்டர் சொல்லுமா?"
கம்ப்யூட்டர் இல்லை, நான்தான் என்றேன்.
அதுவும் பிடிக்கவில்லை.

என் திரையில் அவர் ஒரு நீலப் புள்ளி.
பதினைந்து நிமிடம் நின்றால் பச்சையாகும்.
இறங்கி நடந்தாரா,
ஹீட்டரைக் கூட்டிவைத்து ஹாக்கி ஸ்கோர் பார்த்தாரா,
காரைக் கண்டதும் ஒரு பையன் எதிர்ச்சாரிக்கு மாறினானா,
மாறியதற்காகவே அவனை நிறுத்தினார்களா:
அதற்கெல்லாம் கட்டம் இல்லை அட்டவணையில்.
கேட்டேன். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.
அடுத்த கட்டத்துக்கு நிதி இல்லை.

பதினேழாம் ஜோடி.
எடுக்காத முனை என் வீட்டு முனை.
ஒரு க்ளிக்கில் மறுபடி குலுக்கியிருக்கலாம்.
நேர்மை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
வேலை போய்விடும் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

முனையில் எர்லிண்டா மகராயெகின் சலவைக்கடை.
"அந்தப் பக்கத் தெருவுக்கு தினமும் போலீஸ் கார் போகிறதாமே,
இங்கே ஏன் வருவதில்லை?"
யாரோ விட்டுப்போன போர்வையை மடித்தபடி கேட்டாள்.
நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
மடிப்புக்கு மடிப்பு அவளை நோக்கி நடந்தேன்.
விரல்கள் தொடும் தூரம் வந்தும்
வாய் திறக்கவில்லை.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று. இரவு இரண்டே கால்.
கண்ணாடி உடையும் சத்தம்.
போன் கையில்தான் இருந்தது.
என் அழைப்பும் ஒரு புள்ளி.
அழைத்தால் கார் போகாத பக்கம் ஒன்று கூடும்,
கார் போன பக்கம் அந்த அளவு அழகாகத் தெரியும்.
அழைக்காவிட்டால்
இங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

அழைத்தேன்.
எத்தனை நேரம் கழித்து என்று பிறகுதான் தெரிந்தது:
உடைந்த நேரம் எர்லிண்டாவின் கேமராவில்,
அழைத்த நேரம் எங்கள் பதிவேட்டில்.
கழித்துப் பார்த்தேன்.
தொண்ணூற்று நான்கு நொடி.

உள்ளே ஒரு மனிதர்
உலர்த்தும் இயந்திரத்தில் காசு போட்டு
சூடான கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாராம்.
காசு அவருடையதுதான்.
வகை: உடைத்து நுழைதல்.

ஏப்ரலில் அறிக்கை போனது.
பதினாறு சதவீதம் குறைவு.
மேலிடத்தில் கைதட்டினார்கள்; கொவாலிஷின் கூட
லிஃப்டில் தலையசைத்தார்.
என் அழைப்பை மட்டும் எடுத்துவிட்டு
ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், யாருக்கும் சொல்லாமல்.
தசமப் புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கம்தான் மாறியது.
ரோந்து பலிக்கிறது. அது பொய்யில்லை.
காக்கையும் உண்டு, பழமும் உண்டு.

சனிக்கிழமை துணி மூட்டையோடு போனேன்.
கண்ணாடி இருந்த இடத்தில் இன்னும் பலகை.
எர்லிண்டா எதுவும் கேட்கவில்லை.
ஒரு பெரிய படுக்கை விரிப்பை உதறி
மறுமுனையை
என் பக்கம் எறிந்தாள்.