ஐந்தாம் நம்பர் கால்

வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் என்றான் நிதீஷ்.
காட்பாடி ஸ்டேஷன், நடைமேடை பெஞ்ச்.
படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவன்
மடியில் ஒரு ஷூ டப்பா.
எங்கள் கம்பெனி டப்பாதான்,
மூடியில் நான் தினமும் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்.
உள்ளே ஜோடி இல்லை.
ஐந்து குட்டி பெடல்கள்,
ஒவ்வொன்றும் ஆறு தீப்பெட்டியைச் சேர்த்துக் கட்டின அளவு.

ஒன்று ஆயிரத்து முன்னூறு.
என்னிடம் மூவாயிரத்து எண்ணூறு.

ஆம்ப் இல்லை, கிட்டார் வீட்டில்.
கேட்காமலே சத்தம் வாங்க வேண்டும்.

பரவாயில்லை.
ராணிப்பேட்டை லைனில் ஒரு நாளைக்கு
அறுநூறு ஜோடி பார்க்கிறவள் நான்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
முதல் சுவிட்ச் டக்.
இரண்டாவது, கொஞ்சம் யோசித்துவிட்டு, டக்.
நீலத்தைக் காதோரம் குலுக்கினேன்:
உள்ளே ஒரு திருகாணி நடமாடியது.

"இது வேணாம்."
"கோரஸ்க்கா அது. தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கும்."
இங்கே வர பாலாற்றை இரண்டு முறை கடந்தேன்,
ஆற்காட்டில் ஒன்று, வேலூர் தாண்டி ஒன்று.
தண்ணீர் எப்படிச் சத்தம் போடும் என்று
எங்கே போய் ஒத்துப் பார்ப்பது?

ரிவெர்ப் நல்ல நிலையில்தான் இருந்தது.
ஆனால் எங்கள் சபையில் ஒரு ஆமென் சொன்னால்
மூன்று ஆமென் விழும்.
தகரக் கூரையோடு இலவசம்.

சிவப்பு, டிஸ்டார்ஷன்.
குமிழைத் திருப்பினேன்; விரலுக்கு மட்டும்
ஏதோ ஒரு கரகரப்பு தெரிந்தது.
டிரம்ஸ் அடிக்கிற எப்சிபா சொல்வாள்:
"உன் கிட்டாரு பாடுதுடி,
சண்டை போட மாட்டேங்குது."
எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன்.

டிலே, சொன்னதையே சொல்லும் பெட்டி.
எங்கள் சூப்பர்வைசர் போல;
இது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தணிந்து சொல்லும்,
அதனால் மரியாதை.

கடைசி, ட்யூனர்.
சத்தமே போடாது. மிதித்தால்
இருக்கிற சத்தத்தையும் நிறுத்திவிடும்.
அதற்கும் அதே ஆயிரத்து முன்னூறா என்றேன்.
அதுக்குத்தான்க்கா முதல்ல குடுக்கணும் என்றான்.

பேஸ் வாசிக்கிற ரெக்ஸ்டன் அண்ணன் எச்சரித்திருந்தார்:
சின்னதை வாங்காதே,
ஒன்றை மிதித்தால் இரண்டு அமுங்கும்.
அவர் கால் பத்து.
என்னுடையது ஐந்து.
ஆனால் பேட்டரிக்கு உள்ளே இடமில்லை என்றாரே,
அது நிஜம். கரண்ட் போனால் மூன்றும் ஊமை.
சபையில் இன்வெர்ட்டர் இருக்கிறது.
வீட்டில் போனால் நானும் படுத்துக்கொள்வேன்.

லைனில் இடதுக்கு வலது இல்லையென்றால் கழிவுதான்.
இங்கே ஒவ்வொன்றும் ஒற்றை.
எதற்கு எது ஜோடி என்று
நான்தான் சொல்ல வேண்டுமாம்.
அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அறிவிப்பு வந்துவிட்டது.
நூறு ரூபாய் குறைந்தது.
அவன் எண்ணவில்லை; டிலேயை மட்டும் வாங்கி
ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.
அடாப்டரையும் கொடுத்தான். "நடுவுல மைனஸ்க்கா, மறந்துடாதீங்க."
நீலத்தையும் ரிவெர்பையும் பேன்ட் பையில் திணித்துக்கொண்டு
ஓடினான்.
டப்பா என்னிடம்.

இரவு, தரையில் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.
ட்யூனர், சிவப்பு, டிலே.
மறுபடி மாற்றினேன். மறுபடி பழையபடி.
யார் யாருக்கோ தைத்து அனுப்புகிற கால்களை நினைக்காமல்
வெறுங்காலில் மிதித்தேன்.
சில்லென்று இருந்தது.

பச்சை விளக்கு வர ஆறாவது கம்பிக்கு
வெகுநேரம் பிடித்தது.

அப்புறம் சிவப்பு. அப்புறம் ஒரு ங்ங்ங்.
நான் எதையும் தொடவில்லை.
ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன்,
மூவாயிரத்து எண்ணூறு, இரண்டு மாத ஓவர்டைம்.
பக்கத்து வீட்டில் பர்ஹானா
தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாள்.
ங்ங்ங் நின்றது.

இல்லை, உடனே இல்லை.
மோட்டார் நின்ற பிறகும்
இரண்டு முறை ஓடியது,
தணிந்து, இன்னும் தணிந்து.